கட்டம் கட்டமாக உடைந்தால் மாடிக்கு, மங்கினால் டிவிக்குப் பின்னால்

தென்காசிப் பக்கம் ஆனி பிறந்துவிட்டால் மேற்கேயிருந்து காற்று இறங்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் இங்கே காடு கரையெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு மொட்டைமாடி டிஷ் நிற்பதோ தென்கிழக்கே பார்த்து. இரண்டு மாதம் விடாமல் மேற்குக் காற்று அதன் முதுகிலேயே அறைந்துகொண்டிருக்கும். இவ்வளவு எளிய விஷயம் எனக்கு உறைக்க மூன்று ஆடி ஆனது. அதற்குள் டிவியைத் திட்டி, மழையைத் திட்டி, டிஷ் கம்பெனிக்காரனைத் திட்டி, அப்பாவிடம் நான் திட்டு வாங்கி, எல்லாம் முடிந்திருந்தது.

கதை 2020 தீபாவளிக்கு வாங்கிய 43 அங்குல ஃபுல் எச்.டி. டிவியிலிருந்து தொடங்குகிறது. அதுவரை வீட்டில் இருந்தது 21 அங்குல குண்டு டிவி. கடையில் பெரிய டிவிகளை வரிசையாக மாட்டி, கிளியும் அருவியும் ஓடவிட்டிருந்தார்கள். கிளியின் இறகை ஒவ்வொன்றாக எண்ணலாம். வீட்டுக்கு வந்து மாட்டி சீரியலைப் போட்டால், பனிமூட்டத்துக்குள் நடிப்பதுபோல் இருந்தது. செட்டாப் பாக்ஸையும் எச்.டி.க்கு மாற்றியாகிவிட்டது, பணமும் கட்டியாகிவிட்டது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். “ஏல, பழைய டிவியே தேவலையேடா” என்றார்.

அவர் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது. நம் ஊரில் வரும் சாதாரண எஸ்.டி. படத்துக்கு 720க்கு 576 புள்ளிகள். ஃபுல் எச்.டி. திரைக்கு 1920க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு. ஒரு புள்ளி இருக்கும் இடத்தில் ஐந்து புள்ளிகளை டிவி தானே ஊகித்து நிரப்ப வேண்டியிருக்கிறது. சின்னக் குண்டு டிவியில் தெரியாத அழுக்கெல்லாம் பெரிய திரையில் பூதக்கண்ணாடி வைத்த மாதிரி தெரியும். ஆனால் அன்று எனக்கு இது தெரியாது. படம் சரியில்லை என்றால் டிஷ் திரும்பியிருக்கும் என்று பழக்கதோஷத்தில் முடிவு கட்டி, ஸ்பேனரோடு மாடிக்கு ஏறினேன்.

நான் மேலே திருப்ப, அப்பா கீழே ஹாலிலிருந்து குரல் கொடுக்க, நடுவில் தம்பி மாடிப்படியில் நின்று தபால்காரன் வேலை பார்க்க, ஒரு மணி நேரம் போனது. “வருது… வருது… போச்சு!” போனது போனதுதான். அன்று இரவு ஒரு சேனலும் இல்லை. மங்கலாகவாவது வந்துகொண்டிருந்த படத்தையும் நானே விரட்டிவிட்டிருந்தேன்.

மறுநாள் வந்தவர் எங்கள் பகுதியில் டிஷ் வேலை பார்க்கும் ஓர் அண்ணாச்சி. கம்பெனி ஆள் இல்லை, தனியாகத் தொழில் செய்பவர். மாடிக்கு ஏறி பத்தே நிமிடத்தில் டிஷ்ஷை மீட்டுவிட்டு, கீழே வந்து காபியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்.

“தம்பி, நேத்து எதுக்கு மேல ஏறுனீங்க? படம் கட்டம் கட்டமா ஒடஞ்சுதா, நின்னு நின்னு வந்துச்சா?”

“இல்லண்ணாச்சி, மங்கலா இருந்துச்சு.”

“அப்ப மாடிக்கு ஏறக் கூடாதுல்லா. கட்டம் கட்டமா ஒடஞ்சா மாடிக்கு ஏறுங்க. மங்கலா இருந்தா டிவிக்குப் பொறத்தால பாருங்க.”

இந்த ஒரு பேச்சுக்காகவே அவருக்கு இரண்டாவது காபி கொடுத்திருக்கலாம். பழைய ஆன்டெனா காலத்தில் சிக்னல் குறையக் குறையப் படம் மெல்ல மெல்லப் புள்ளியடித்து மங்கும். ஆன்டெனாவைத் திருப்பினால் தெளியும். அந்தப் பழக்கம் நம் கையை விட்டுப் போகவில்லை. டிஜிட்டலில் சங்கதி வேறு. தேவையான அளவு சிக்னல் வந்துவிட்டால் படம் முழுசாக வரும். அந்த அளவுக்குக் கீழே இறங்கினால் கட்டங்களாகச் சிதறும், உறையும், பிறகு மொத்தமாக மறையும். நடுவில் ‘கொஞ்சம் மங்கல்’ என்று ஒரு படி கிடையாது. சிக்னல் 70 காட்டினாலும் 95 காட்டினாலும் கதாநாயகி சேலையின் ஜரிகை ஒரே மாதிரிதான் தெரியும். நடுவில் உள்ள அந்த 25, மழைக்காலத்துக்கான சேமிப்பு, அவ்வளவுதான்.

அண்ணாச்சி டிவிக்குப் பின்னால் கையை விட்டு வெளியே இழுத்துக் காட்டியது மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை வைத்த ஒயர். பாக்ஸை மாட்ட வந்த பையன், சுவரில் மாட்டிய டிவிக்கு எச்.டி.எம்.ஐ. கேபிள் எட்டவில்லை என்று பழைய ஒயரையே குத்திவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். நானும் தலையாட்டியிருந்தேன். படம் முழுவதும் அந்த மஞ்சள் ஒயர் ஒன்றின் வழியாகத்தான் போகிறது, அதில் எஸ்.டி.க்கு மேல் போகவே போகாது. எச்.டி. பாக்ஸ், எச்.டி. டிவி, எச்.டி. சந்தா எல்லாம் இருந்தும் நடுவில் இருந்த அந்த ஒரு முழ ஒயர் எல்லாவற்றையும் 576 கோட்டுக்கு இறக்கிவிட்டிருந்தது. ஆற்றில் வெள்ளம் போனாலும் வாய்க்கால் மடை அளவுக்குத்தானே வயலுக்குத் தண்ணீர்.

இரண்டு மீட்டர் எச்.டி.எம்.ஐ. கேபிள் இருநூற்றுச் சொச்சத்துக்குக் கிடைத்தது. தங்க முலாம் பூசியது என்று ஆயிரத்துக்கு மேல் விலை போட்டதும் கடையில் தொங்கியது. இந்தச் சின்ன நீளத்துக்கு அது தேவையே இல்லை. இரண்டும் கொண்டுபோவது ஒரே எண்களைத்தான்.

கேபிளை மாற்றிவிட்டு ஆவலோடு உட்கார்ந்தால், கொஞ்சம் தேவலை, ஆனால் கிளி இறகு இன்னும் வரவில்லை. காரணம் பாக்ஸின் மெனுவுக்குள் ஒளிந்திருந்தது. வீடியோ அவுட்புட் என்ற இடத்தில் 576பி என்று இருந்தது. அதை 1080ஐ (ஆங்கில i) என்று மாற்றினேன். படத்தின் கோடுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக இரண்டு தவணையில் அனுப்பும் முறை அது. நம் நாட்டு எச்.டி. சேனல்கள் பெரும்பாலும் 1080ஐ வடிவில்தான் ஒளிபரப்பாகின்றன. வருவதை அப்படியே டிவிக்குத் தள்ளிவிட்டு, கோடுகளைச் சேர்க்கும் வேலையை டிவியிடம் விடுவது நல்லது. சுமாரான செட்டாப் பாக்ஸைவிட டிவிக்குள் இருக்கும் சில்லு அந்த வேலையைச் சுத்தமாகச் செய்யும். மாற்றிய அந்த நொடியில் செய்தி வாசிப்பவரின் சட்டைக் கோடு தெரிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியை ஓரடி முன்னே இழுத்துப் போட்டார்.

அடுத்து ஒரு வாரம் கழித்துத்தான் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தது எச்.டி. சேனலே இல்லை! ஒரே சேனல் எஸ்.டி.யில் ஓர் எண்ணிலும் எச்.டி.யில் வேறோர் எண்ணிலும் வரும். அவருக்குப் பழைய எண்கள் விரல் நுனியில் மனப்பாடம். சேனல் பெயருக்குப் பக்கத்தில் எச்.டி. என்று இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் வீட்டில் யாருக்கும் இல்லை. சிலர் வீட்டில் எச்.டி. சேனல் பேக்கிலேயே இருக்காது, பாக்ஸ் மட்டும் எச்.டி. பாக்ஸாக இருக்கும். 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த புதிய கட்டண முறையில் ஓர் எச்.டி. சேனலை இரண்டு எஸ்.டி. சேனலாகக் கணக்கு வைத்தார்கள், விலையும் தனி. அதனால் எல்லாவற்றையும் எச்.டி.யில் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் எதை உட்கார்ந்து பார்க்கிறோமோ அந்த ஐந்தாறு சேனலை மட்டும் எச்.டி.யில் வாங்கிவிட்டு, அவற்றின் எஸ்.டி. பதிப்பை எடுத்துவிட்டால் செலவு பெரிதாக ஏறாது.

நான் அப்படித்தான் செய்தேன், ஆனால் அப்பாவிடம் சொல்லாமல் செய்தேன். மறுநாள் காலை பழைய எண்ணை அமுக்கிப் பார்த்துவிட்டு, சேனலையே மூடிவிட்டார்கள் என்று தெருவில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டு வந்தார். பிறகு புதிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ரிமோட்டின் முதுகில் ஒட்டினேன். இன்றுவரை அந்தச் சீட்டு இருக்கிறது.

டிவியின் சொந்த அமைப்புகளுக்கு வருகிறேன். இங்கே ரசனையும் சேரும், அதனால் என் கருத்தை என் கருத்தாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கடையிலிருந்து வரும் டிவி பெரும்பாலும் ‘விவிட்’ என்ற கண்ணைப் பறிக்கும் நிலையில் இருக்கும். டியூப்லைட் வெளிச்சம் கொட்டும் கடைக்கு அது சரி, வீட்டு ஹாலுக்கு அது கல்யாண மண்டப சீரியல் செட். ‘ஸ்டாண்டர்ட்’ அல்லது ‘சினிமா’ என்று மாற்றினால் முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும், மூன்றாம் நாள் முகங்கள் மனித நிறத்துக்கு வந்திருப்பது புரியும்.

ஷார்ப்னெஸ் என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்துக் கூட்டிவிடுவோம், நானும் முழுசாகக் கூட்டித்தான் வைத்திருந்தேன். அது இல்லாத நுணுக்கத்தை எங்கிருந்தும் கொண்டுவராது, ஓரங்களில் வெள்ளைக் கோடு இழுத்துக் கூர்மைபோல் காட்டும், அவ்வளவுதான். செய்திச் சேனலில் கீழே ஓடும் எழுத்தைப் பாருங்கள். எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஓர் ஒளிவட்டம் தெரிந்தால், அது மறையும்வரை குறையுங்கள். என் டிவியில் 10இல் மறைந்தது. சில கம்பெனி டிவியில் நடுப்புள்ளியே இயல்பு நிலையாக இருக்கும், ஆகவே எண்ணை நம்பாமல் எழுத்தின் ஓரத்தை நம்புங்கள்.

அந்த ஓடும் எழுத்தே பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால், டிவி படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரங்களைச் சாப்பிடுகிறது என்று பொருள். பழைய குண்டு டிவிக் காலத்துப் பழக்கத்தை இன்னும் விடவில்லை. ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘ஃபுல் பிக்சல்’ என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். வெட்டு போவதோடு, படப்புள்ளி ஒவ்வொன்றும் திரைப்புள்ளி ஒவ்வொன்றில் நேராக உட்காருவதால் படமும் ஒரு படி தெளியும்.

பழைய படங்களில் சிவாஜிக்குக் கன்னம் உப்பியிருந்ததற்கும் காரணம் இங்கேதான். நாலுக்கு மூன்று வடிவப் படத்தைப் பதினாறுக்கு ஒன்பது திரையில் இழுத்துப் பரப்பியிருந்தேன். சரியான வடிவத்தில் வைத்தால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். “காசு குடுத்து வாங்குன டிவில ரெண்டு பக்கமும் கறுப்பா கெடக்கே” என்று அம்மா வருத்தப்பட்டாள். இந்த விஷயத்தில் எனக்கும் அம்மாவுக்கும் இன்னும் சமாதானம் ஆகவில்லை.

அம்மாவுடையது இன்னொரு சுவாரசியமான வழக்கு. இவ்வளவும் செய்த பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “எனக்கு எப்பவும் போலத்தான் தெரியுது” என்றாள். அவள் உட்காருவது அடுக்களை நிலைப்படியில், டிவியிலிருந்து பன்னிரண்டடி தள்ளி. 43 அங்குலத் திரையில் எச்.டி.யின் முழு நுணுக்கமும் கண்ணுக்கு எட்ட ஐந்தாறு அடிக்குள் உட்கார வேண்டும். பன்னிரண்டடியில் அவள் சொன்னது நூற்றுக்கு நூறு நேர்மை. 4கே வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, நாற்காலி எங்கே போடுவீர்கள் என்றுதான்.

என்ன செய்தாலும் திருந்தாதவையும் உண்டு. எச்.டி. சேனலிலேயே பழைய படத்தின் தேய்ந்த பிரதியைப் போட்டால் அது தேய்ந்துதான் தெரியும். செயற்கைக்கோளில் சேனல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவியான ஒரு டிரான்ஸ்பான்டரின் கொள்ளளவைப் பல சேனல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பாட்டுக் காட்சியில் ஜிகினாத்தாள் பறக்கும்போதோ, கிரிக்கெட்டில் கேமரா பந்தைத் துரத்தும்போதோ, பங்கு போதாமல் புல்தரை குழைந்துபோகும். சிக்னல் நூறு காட்டினாலும் குழையும். எங்கள் தெருவில் ஒருவர் மாதச் சந்தா இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் வைத்துக்கொண்டு 55 அங்குல 4கே டிவி வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். அதில் வருபவை பெரும்பாலும் எஸ்.டி. சேனல்கள். ஷார்ப்னெஸ்ஸைக் குறைத்து, நாய்ஸ் ரிடக்‌ஷனை நடுவில் வைத்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுவிட்டு வந்தேன். வேறென்ன செய்ய.

இனி மாடி விவகாரம். அதுதான் என்னை உண்மையில் படுத்தியது.

எங்கள் ஊரில் சாரல் என்பது நாள் முழுக்கத் தூவும் மெல்லிய மழை. ஐப்பசியில் இடியோடு கொட்டுவது வேறு. டிஷ்ஷுக்கு வரும் கேயூ பேண்ட் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவில் இருக்கும். கனத்த மழைத்துளிகள் அதைத் தடுத்து உறிஞ்சும். ஐப்பசி மழையில் பத்து நிமிடம் படம் போனால் அது எல்லார் வீட்டிலும் போகும், காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் சாரலுக்கே போனது. பக்கத்து வீட்டில் அதே கம்பெனி, அதே சாரல், அவர்கள் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரலுக்கே படம் போகிறதென்றால் குற்றம் மழைமேல் இல்லை, டிஷ்ஷில் சேமிப்பே இல்லை என்று பொருள்.

முதல் திருடன் ஒயர். பழைய கேபிள் டிவிக் காலத்து ஒயர் சுவரில் பதிந்து கிடந்ததால், டிஷ்ஷிலிருந்து வந்த புது ஒயரை அதோடு முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யிலிருந்து கீழே வருவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிக்னல். பழைய கேபிள் டிவி ஒயர் அவ்வளவு உயர்ந்த அதிர்வெண்ணுக்கு ஏற்றதில்லை, வழியிலேயே கரைத்துவிடும். டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. இன்னொரு அறிகுறியும் இருந்தது, நான் கவனிக்கவில்லை. சில சேனல்கள் மட்டும் வராமலிருந்தன. பாக்ஸ் இதே ஒயர் வழியாக எல்.என்.பி.க்கு மின்சாரமும் அனுப்புகிறது. 13 வோல்ட் போனால் ஒரு வகைச் சேனல்கள், 18 வோல்ட் போனால் இன்னொரு வகை. இணைப்பு கெட்டு வோல்டேஜ் வழியில் இறங்கினால் இரண்டாம் வகை மொத்தமாகக் காணாமல் போகும். பேக்கில் சேனலை எடுத்துவிட்டார்கள் என்று வாடிக்கையாளர் சேவை ஆளிடம் நான் சண்டை போட்டது இதற்குத்தான். பாவம் அந்தப் பெண்.

மாடியிலிருந்து பாக்ஸ் வரை ஒட்டில்லாமல் ஒரே நீளமாக, டிஷ் சிக்னலுக்கு ஏற்ற ஆர்ஜி 6 என்ற வகை ஒயர் இழுத்தோம். எல்.என்.பி.க்குக் கீழே ஒயரை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கனெக்டருக்குள் ஏறாது. கனெக்டர் மாட்டும்போது வலைக்கம்பியில் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. பாக்ஸின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் இதில் கை வைக்க வேண்டும், ஒயரில் மின்சாரம் இருக்கிறது.

இரண்டாம் திருடன் காற்று. ஒயர் மாற்றிய வருடம் நன்றாக ஓடியது, அடுத்த ஆடியில் மறுபடி கட்டம் உடைந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், கைப்பிடிச்சுவரில் நான்கு போல்ட்டில் நிற்கும் டிஷ் எம்மாத்திரம். 60 சென்டிமீட்டர் டிஷ் ஒரு பாகை திரும்ப, அதன் விளிம்பு அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். கண்ணுக்கே தெரியாது. செயற்கைக்கோள் இருப்பதோ பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில். இங்கே அரை சென்டிமீட்டர் அங்கே அறுநூறு கிலோமீட்டருக்கும் மேல்.

இந்த முறை கொத்தனாரைக் கூப்பிட்டேன். போல்ட்டைச் சுற்றி விட்டிருந்த சிமெண்டை உடைத்து, நீளமான ஆங்கர் போல்ட் போட்டு, தூக்குக்குண்டு பிடித்து, டிஷ் நிற்கும் குழாயைச் செங்குத்தாக நிறுத்தினார். குழாய் சாய்ந்திருந்தால் இடம் வலம் திருப்பும்போதே உயரமும் மாறிக்கொண்டிருக்கும், அதனால்தான் முதல் நாள் நான் தோற்றேன். பிறகு அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தபடி நானே திருப்பினேன். தம்பி ஹாலில் போனில் வீடியோ கால் போட்டு சிக்னல் திரையைக் காட்டினான். அதில் இரண்டு பட்டை இருக்கும், ஸ்ட்ரெங்த் ஒன்று, குவாலிட்டி ஒன்று. முதலாவதை மறந்துவிடலாம், டிஷ் தப்பான பக்கம் பார்த்தாலும் அது ஏதோ காட்டும். குவாலிட்டியை மட்டும் பார்க்க வேண்டும். மயிரிழை நகர்த்திவிட்டு மூன்று நொடி காத்திருக்க வேண்டும், பட்டை சோம்பேறி. உச்சம் வந்ததும் ஒரே போல்ட்டை இறுக்கினால் டிஷ் இழுத்துக்கொள்ளும், இரு பக்கமும் மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்க வேண்டும். கடைசியில் எல்.என்.பி.யை அதன் கிளிப்பில் லேசாக இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்த்தேன். அதிலேயே குவாலிட்டி ஏழெட்டு ஏறியது.

மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாள் முற்பகலில் சில நிமிடம் படம் தானாகப் போய்த் தானாக வரும். அப்போது ஸ்பேனரைத் தொடாதீர்கள். செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நிற்கும் நேரம் அது.

எல்லாம் இறுக்கி முடித்ததும் குழாயிலும் டிஷ்ஷின் பிடியிலும் சேர்ந்தாற்போல் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்தேன். டிஷ் திரும்பினால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். இந்த வருடம் ஆடி முடிந்து ஆவணி முதல் ஞாயிறு மாடிக்கு ஏறிப் பார்த்தேன். கோடு ஒன்றாகவே இருந்தது. சும்மா விடாமல் ஒரு போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன், கீழேயிருந்து அப்பா சத்தம் போட்டார்.

“ஏல, படம் நல்லா வருது. எதையும் தொடாம எறங்கி வா!”